அவர் மண்டியிட்ட மெத்தை

என் கணவரை அவரோடு வேலை செய்தவர்கள் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாய், பூனை வளர்க்கிற வீடுகளில் தரையிலும் சோபாவிலும் ஊறிப்போன மூத்திரக் கறையையும் வாடையையும் எடுப்பது அவர் தொழில். பெட்டியில் ஒரு நீல டார்ச் உண்டு. இருட்டில் அடித்தால் பழைய கறை மஞ்சளாக மின்னும். அது வீட்டுக்காரர்களுக்குக் காட்டத்தான். அவருக்கு மூக்கே போதும். பழைய திரைச்சீலைத் துணியில் நான் தைத்துக் கொடுத்த சின்ன நுரை மெத்தையை முழங்காலுக்கு அடியில் போட்டு மண்டியிடுவார். தரையோடு தரையாக முகர்ந்துகொண்டே நகர்வார். இடம் அகப்பட்டதும் சாக்பீஸால் ஒரு வட்டம், அதற்குள் வாடையை எடுக்கிற மருந்து.

கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போகும். அப்போது வாசலுக்கு வந்து, நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி உள்ளே போவார். மூக்கைக் கழுவிட்டு வர்றேன் என்பார் அதற்கு.

"எங்க வீட்டுல வாடையே இல்லைன்னு சத்தியம் பண்ணுவாங்க. பொய் சொல்லலை, பாவம். பழகிப்போச்சு, அவ்வளவுதான்" என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார்.

ஒரு வீட்டில் பூனை திரும்பத் திரும்ப ஒரே மூலையில் மூத்திரம் போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டம்மா கண்ணாடி துடைக்கிற திரவத்தால் தினமும் அந்த இடத்தைத் தேய்த்திருக்கிறார். இவர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாராம்.

"அம்மா, இதோட நெடியும் பூனை மூத்திர நெடியும் அண்ணன் தம்பி மாதிரி. நீங்க கழுவலை. வா வான்னு கூப்பிட்டிருக்கீங்க."

மூலை சுத்தமாயிற்று. ஆனால் பூனையை எங்காவது விட்டுவிடுவதென்று அவர்கள் முன்பே முடிவு செய்து கூடையில் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் கூடையுமாக வந்து நின்றார்.

"என்னங்க, கூலிக்குப் பதில் பூனையா?"

"கூலி தனி. இது கொசுறு."

எங்கள் வீட்டில் மட்டும் எந்த வாடையும் தங்கக் கூடாது. வேலையிலிருந்து வந்ததும் சட்டையை நேராகத் தண்ணீரில் போடுவார். "மூக்கர் வீட்டுலயே நாறுதுன்னு ஒருத்தர் சொல்லிட்டா என் பொழைப்பு என்னாகும்?" என்பார். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய நாளும் உட்காரவில்லை. போர்வை, தலையணை உறை, தன் சட்டைகள் எல்லாவற்றையும் துவைத்தார். நான் திட்டத் திட்ட, தன்னுடைய நாற்காலிக்கும் அந்த மருந்தை ஊற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடினார்.

"உங்க நாற்காலில பூனை போச்சா என்ன?"

"என் வேர்வைதான். இந்த மருந்துக்குப் பூனை, மனுஷன்னு பேதம் கிடையாது. வாடைன்னு இருந்தா தின்னுடும். நான் வர்றதுக்குள்ள காய்ஞ்சிடும், பாரேன்."

நாற்காலி காய்ந்தது. அவர் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடினேன். சட்டைகளில் சோப்பு இருந்தது. தலையணையில் வெயில் இருந்தது. நாற்காலியில் ஒன்றுமே இல்லை. முப்பத்தோரு வருஷம் பக்கத்தில் படுத்தவரின் மணம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அலமாரியில் ஒவ்வொரு துணியாக எடுத்துப் பார்த்துவிட்டு, மடித்து அதே இடத்தில் வைத்தேன். நாலு மாதம் இதே வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் சுளித்தாள்.

"அம்மா, பூனை எங்கயோ போயிருக்கு."

"அப்படி ஒண்ணும் இல்லையே. எனக்குத் தெரியலையே."

"உனக்கு எப்படித் தெரியும்? அப்பா வீட்டுல இந்த வாடையா? அவர் மானமே போச்சு, போ."

அப்பாவைப் போலவே முகர்ந்துகொண்டு அறை அறையாகப் போனாள். பின்கட்டில், அவருடைய பெட்டி இருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டுக்கு முன்னால் போய் நின்றாள். பெட்டிக்குப் பின்னால் இடுக்கில் அந்த முழங்கால் மெத்தை கிடந்தது. கடைசி வேலைக்குப் பிறகு அதை மட்டும் துவைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. பூனை அதன் மேலேயே படுத்துப் படுத்து ஒரு குழி விழுந்திருந்தது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

மகள் பெட்டியிலிருந்து மருந்துப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள்.

"மேல உள்ளங்கை அளவுன்னா அடியில தட்டு அளவு இருக்கும்னு அப்பா சொல்வாரே. முழுசா ஊத்திடறேன்."

மெத்தையே ஒரு தட்டு அளவுதான்.

"இரு, இரு" என்று பிடுங்கிக்கொண்டேன். காய்ந்த பக்கத்தில் முகத்தை வைத்தேன். முதலில் பூனை. முகம் திருப்பத் தோன்றியது, திருப்பவில்லை. அதற்கு அடியில் சாக்பீஸ் தூள், ஈரத் துணி, பழைய வியர்வை. அப்புறம் பெயர் சொல்ல முடியாத ஒன்று. பாத்திரம் தேய்க்கும்போது பின்னால் வந்து, சத்தமில்லாமல் நிற்பாரே, அது. எனக்கு எப்போதோ தெரிந்திருந்ததுதான்.

"உனக்கென்ன பைத்தியமாம்மா? அதைப் போய் மோந்துக்கிட்டு..."

அவளிடம் நீட்டினேன். வேண்டா வெறுப்பாகக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்துப் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகி, பெட்டிக்குள் வைத்தாள்.

நான் மறுபடி முகர்ந்தேன். மூன்றாவது மூச்சில் பூனையும் இல்லை, அவரும் இல்லை. வெறும் நுரை.

"போயிட்டாருடி" என்றேன்.

"போகலைம்மா. மரத்துப்போச்சு. வா."

என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். படியில் நின்றோம். எதிர்வீட்டுக்காரர் பையோடு போனவர் நின்றார்.

"என்ன, அம்மாவும் பொண்ணும் வெளிய நிக்கிறீங்க? சாவியைத் தொலைச்சுட்டீங்களா?"

"இல்லைங்க மாமா, மூக்கைக் கழுவிட்டு இருக்கோம்" என்றாள்.

அவர் எங்கள் கைகளில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். நான் அப்போது அறுபத்திரண்டில் இருந்தேன். எண்ணிக்கை தவறிவிடுமென்று பதில் சொல்லவில்லை.