தோற்க வேண்டும் என்று வாதாடிய ஜெய்னப் அக்கா

"ராட்சதப் பீரங்கியால போர்ல இன்னா பிரயோஜனம், சொல்லு பாப்போம்?" என்று ஜெய்னப் அக்கா என்னிடம் வந்து கேட்டார். அப்போது நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். 2007 பொங்கலுக்கு எங்கள் சந்தில் நடக்கவிருந்த பட்டிமன்றத்தில் அவர் ஒரு அணி, நான் எதிரணி. எதிரியிடமே வந்து கேட்கிறாரே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் கிணற்றடிச் சந்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். கணவர் அத்தாவுல்லா திருமுடிவாக்கத்தில் வெல்டர். அக்கா படித்தது பத்தாவது வரைதான். ஆனால் யாரோடாவது வாதம் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தண்ணீர் லாரிக்காரர் அவசரப்பட்டால், "குடம் பாதிதான் ரொம்பிச்சு. மீதிய உன் மாமியார் வூட்டுக்கு எடுத்துகினு போறியா?" என்பார். லாரி நிற்கும்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமியாரா மருமகளா என்று பேசிப் பேசி எங்களுக்கு அலுத்துவிட்டது. விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். போர் என்றால் வாய் பிளப்போம். அதனால் அந்த வருடம் 'போரில் பெரிதும் உதவுவது ராட்சதப் பீரங்கியா, சின்னப் பீரங்கியா?' என்று தலைப்பு வைத்தோம். எந்தப் பக்கம் பேசுவது என்பதற்குச் சீட்டு எடுப்போம். வந்த பக்கத்தைத்தான் பேச வேண்டும், மாற்றக் கூடாது. அக்காவுக்கு ராட்சதப் பீரங்கி வந்தது.

அந்த மார்கழியில்தான் சந்து முனையில் சுவர் இடிக்கும் பொக்லைன் ஒன்று வந்து நின்றது. சந்து முழுவதையும் வாங்கி அடுக்குமாடி கட்ட நினைத்த ஒரு பில்டர் அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். எங்களிடம் பட்டா இருந்தது. விற்க மாட்டோம் என்றும் சொல்லியிருந்தோம். அதற்குப் பதிலாகத்தான் அவர் மெஷினை நிறுத்தினார். அது ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் எங்கள் சந்துச் சின்னதம்பி அண்ணன், பில்டர் கொடுத்த விலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெரும்பாக்கம் போய்விட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பங்கள் போயின. என் அப்பா தனசேகர் பொங்கல் கழித்துக் கையெழுத்துப் போடுவதாக இருந்தார். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள். பொங்கல் பானை மட்டும் வெளியே இருந்தது.

மாட்டுப் பொங்கல் மாலை நடந்த பட்டிமன்றத்தில் நான் முதலில் பேசினேன். இரண்டாம் உலகப் போரில் ஒரு நகரத்தை முற்றுகையிட ஜெர்மானியர்கள் கொண்டுவந்த ராட்சதப் பீரங்கிக்குத் தனியாகத் தண்டவாளம் போட வேண்டியிருந்தது, ஆயிரக்கணக்கானோர் அதற்கே உழைத்தார்கள், அத்தனை பாடுபட்டும் அந்த முற்றுகையில் அது ஐம்பது குண்டுகூடச் சுடவில்லை என்றேன். கைதட்டினார்கள்.

அக்கா எழுந்து மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"நடுவர் அவர்களே, எதிரணித் தங்கச்சி சொன்னது அத்தனையும் நெசம். துருக்கி சுல்தான் கான்ஸ்டாண்டிநோபிள் மேல கொண்டாந்த பீரங்கியும் அப்படித்தான். இழுக்க மாட்டுக் கூட்டமே வேணும். ஒரு குண்டு போட்டா அடுத்த குண்டுக்கு மணிக்கணக்கா காத்துகினு இருக்கணும். அதுக்குள்ள உள்ள இருக்கறவன் ஒடஞ்ச மதில அடைச்சிடுவான். அப்புறம் எதுக்கு அத இழுத்துகினு போறாங்க? சுடறதுக்கு மட்டும் இல்ல. காட்டறதுக்கு! பாத்தவுடனே உள்ள இருக்கறவன் பயந்து சாவியக் குடுத்துட்டான்னா ஒரு குண்டு செலவில்லாம கோட்ட கைக்கு வந்துடும். இதவிட இன்னா பிரயோஜனம் வேணும்? சந்தேகம்னா சந்து முனையப் பாருங்க. நம்ம பீரங்கி அங்க நின்னுகினு கீது."

கூட்டம் திரும்பிச் சந்து முனையைப் பார்த்தது. மளிகைக்கடை ஜெயவேலு அண்ணன்தான் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார்: "யக்கா, கடைசில அந்த ஊரு வுழுந்துச்சா இல்லியா? அத்தச் சொல்லு!"

சிரிப்பு எழுந்தது.

"வுழுந்துச்சுப்பா. நான் இன்னா இல்லேன்னா சொன்னேன்? ஒன்றரை மாசத்துக்கு மேல நின்னு, சண்ட போட்டு வுழுந்துச்சு. நம்ம பீரங்கி இன்னும் டீசலே குடிக்கல, நம்ம மூட்ட கட்டிட்டோமே!" என்றவர் என் அப்பா பக்கம் திரும்பினார். "தனசேகர் அண்ணா, உங்க வூட்டுப் பாத்திரம் சாக்குல கீது. அடுத்த வருசம் என்னை எதுத்துப் பேச இந்தப் பொண்ணு எங்கேர்ந்து வரும்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

நடுவர் யக்ஞநாராயணன் சார் தீர்ப்புச் சொல்ல எழுந்தார். "ஜெய்னப் அம்மா வாதத்துக்கு மறுப்பே இல்லை. ஆகவே ராட்சதப் பீரங்கி அணிதான்..."

"இருங்க சார்." அக்கா குறுக்கே கையை நீட்டினார். "தீர்ப்ப நீங்க சொல்லாதீங்க, சந்து சொல்லட்டும். எனக்குச் சீட்டுல வந்தது இந்தப் பக்கம், பேசிட்டேன். ஆனா நான் தோக்கணும். நீங்க எல்லாம் சேந்து, பயப்படாம நின்னு, என்னைத் தோக்கடிக்கணும்."

தீர்ப்பே இல்லாமல் எங்கள் பட்டிமன்றம் முடிந்தது அந்த ஒரு வருடம்தான்.

மறுநாள் காணும் பொங்கல். காலையில் பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பா சாக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார். "தெருவே பாக்குது, மெதுவா!" என்றாள் அம்மா. "பாக்கட்டும்" என்று இன்னும் பலமாக உதறினார். எதிர்வீட்டிலும் அதே சத்தம் கேட்டது.

அன்றே அக்கா பொக்லைனின் கைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போட்டார். பில்டரின் ஆள் ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது?"

"சும்மாதானே நிக்குது? சந்துக்கு ஒரு ஒதவியா இருக்கட்டும். எடுக்கும்போது சொல்லு, துணிய எடுத்துக்கறேன்."

அடுத்த நாள் சந்திலிருந்த எல்லா வீட்டுத் துணியும் அங்கே காய்ந்தது. அதற்குப் பிறகு யாரும் கையெழுத்துப் போடவில்லை. மாசி மாதத்தில் ஒரு நாள், ஒரு சுவரைக்கூடத் தொடாமல், மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன மூன்று குடும்பங்கள் திரும்பி வரவில்லை. அந்த வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. அவற்றைக் கடக்கும்போதெல்லாம் அக்கா பேச்சை நிறுத்திவிடுவார்.

பொக்லைன் ஒரு நாள் நிஜமாகவே கிளம்பியிருக்கலாம். பெரிய பீரங்கி சுட்டால் மதில் விழத்தான் செய்யும். அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனால் அது சுடுவதற்கு முன்னால் நாங்களே எங்களை இடித்துக்கொள்ள மாட்டோம்.

உங்களுக்குத் தெரிந்த யாருடைய தெரு முனையிலாவது இப்படி ஒரு மெஷின் நின்றுகொண்டிருந்தால், ஜெய்னப் அக்கா தோற்ற கதையை அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். பாத்திரம் சாக்குக்குள் போவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.