மேல் வீட்டுக்கு எட்டாத சிக்னல்

மகள் முடியை வெட்டிக்கொண்ட செய்தி எனக்குக் கீழ் வீட்டிலிருந்துதான் வந்தது. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகக் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது, முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா கொடிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, புள்ள முடிய பாத்தியா? கழுத்தோட வெட்டிட்டா. மொகத்துக்கு நல்லாத்தான் இருக்கு."

"எப்ப பாத்தீங்க?"

"நேத்துதான். ஒனக்குத்தான் மொதல்ல வீடியோவுல எடுத்தாளாம். சும்மா சுத்திக்கிட்டே இருந்திச்சாம். அதுக்கப்புறம்தான் எனக்கு எடுத்தா."

"நல்லது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அம்பிட்டியவிலிருந்து கண்டி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அந்த முடியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு எண்ணெய் வைத்தது நான். பேன் பார்த்தது நான். பாடசாலைக்கு இரட்டைப் பின்னல் பின்னி வெள்ளை ரிபன் கட்டியது நான். வெட்டிய பிறகு அதை முதலில் பார்த்தது வேறொருவர்.

நான் அக்கா என்று கூப்பிடுவது என் கணவரின் அண்ணன் மனைவியை. மலைச்சரிவில் கட்டிய வீடு எங்களுடையது. கீழ்த்தட்டு அவர்களுக்கு, மேல்தட்டு எங்களுக்கு. அக்காவுக்கு இரண்டு மகன்கள். இருவரும் கொழும்பில் வேலை, பண்டிகைக்கு வருவார்கள். பெண்பிள்ளை இல்லை. நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பதிவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மகள் சிறியவளாக இருந்தபோது பாடசாலை விட்டு வந்ததும் கீழ் வீட்டில்தான் சாப்பிடுவாள், கீழ் வீட்டில்தான் தூங்குவாள். அதற்காக அக்காவுக்கு நான் நன்றியுள்ளவள். நன்றி ஒரு பக்கம் இருந்தது. மற்றது அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

மகள் இப்போது ஆஸ்திரேலியாவில் வேலை செய்கிறாள். வாரநாட்களில் அவளுக்கு நேரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை, நம் நேரத்துக்குப் பத்து மணியளவில், வீடியோவில் எடுப்பாள். அவளுடைய அறையில், அவள் உயர்தரம் படிக்கும்போது வாங்கிய கணினியின் முன்னால் நான் தலைவாரிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருப்பேன். வாரத்தில் எனக்கு அந்த ஒரு நேரம்தான் உண்டு. அது சில கிழமைகளாகக் கெட்டுப்போயிருந்தது. படம் வரும், உறையும். வாய் திறந்தபடி மகள் நின்றுவிடுவாள். பிறகு வட்டம் சுற்றும். பிறகு தொடர்பு இல்லை என்று எழுத்து வரும். அந்த நேரத்தில் கீழே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

எது எப்போது கெட்டது என்பதை நான் குறித்து வைப்பவள். ஆயுத பூசைவரை நன்றாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் இல்லை. ஆயுத பூசையன்று கணினியைத் துடைத்து, திரையின் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, அன்றைக்கு முழுவதும் அதை இயக்காமல் விட்டேன். ஆகவே முதலில் என் கணினியைத்தான் சந்தேகித்தேன். ஈரத் துணி எங்கேயாவது பட்டிருக்கலாம். பின்னால் செருகியிருக்கும் சிறு வைஃபை வில்லையைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, வேறு துளையில் செருகிப் பார்த்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டைத் திரும்பவும் கொடுத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றினேன். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

எதுவும் சரிசெய்யவில்லை. என் கைபேசியை அதே மேசையில் வைத்துப் பார்த்தபோது அதிலும் ஒரே ஒரு சிக்னல் கோடுதான் இருந்தது. அப்படியானால் குற்றம் கணினியில் இல்லை. வருவதே குறைவாக வருகிறது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே இணைப்பு. அதன் பெட்டி கீழ் வீட்டு ஹோலில் இருக்கிறது.

இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்கு எடுத்தேன். நீண்ட நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் பேசினாள். "லைன் மச்சான் பெயரில் இருக்கிறது" என்றேன். அப்படியென்றால் அவரைப் பேசச் சொல்லுங்கள் என்றாள். மச்சான் என்பது அக்காவின் கணவர். அவரிடம் சொன்னால் அவர் அக்காவிடம் கேட்பார். அக்கா, "இங்க நல்லாத்தானே வேல செய்யுது" என்பார். அதுவும் உண்மைதான்.

கணவர் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இயந்திரங்களோடு இருப்பவர். அவரிடம் சொன்னேன்.

"பெட்டிய ஒருக்கா போய் பாரேன்" என்றார்.

"அவங்க ஹோல்ல போய் நான் எப்படி நோண்டுறது?"

"நோண்டாத. கேளு. அண்ணிக்கிட்ட கேக்குறதுக்கு என்னா?"

"ஒங்களுக்கு ஒன்னும் இல்ல."

"அப்ப கீழ போயி அவங்க போன்ல பேசிட்டு வா. புள்ள மொகம் ஒன்னுதானே."

அன்று அவருக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல் வைக்காமல் இடியப்பம் கொடுத்தேன்.

கீழே போய்ப் பேசியும் பார்த்தேன். மகள் முடியை வெட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே கூப்பிட்டார். போனேன். கைபேசியை அக்கா பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். "ஆ, அம்மாவும் இருக்காங்களா?" என்று மகள் கேட்டாள். அந்த 'உம்' எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அந்தக் கிழமைதான் எனக்கு அந்த எண்ணமும் வந்தது. அக்கா வேண்டுமென்றே ஏதோ செய்திருக்கிறார். என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை. ஏன் என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஒரு பூரணை விடுமுறையன்று கடலைப் பருப்பு வடை சுட்டேன். ஒரு தட்டில் எடுத்து, கைபேசியை இடது கையில் வைத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா கிணற்றடியில் இருந்தார். ஜன்னல் கட்டையைப் பார்த்தேன். பெட்டி எப்போதும் இருக்கும் இடம் அது. என் மகளின் அறைக்கு நேர் கீழே. அங்கே இப்போது ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தது. கைபேசியில் கோடுகளைப் பார்த்தபடி ஹோலில் நடந்தேன். கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் கோடுகள் எல்லாம் நிறைந்தன.

பெட்டி அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில், பித்தளைத் தாம்பாளங்களுக்கும் குத்துவிளக்குகளுக்கும் பின்னால், முதுகுக்கண்ணாடியில் சாய்ந்தபடி. அதன் நெற்றியில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். பச்சை விளக்குகள் குங்குமத்துக்குக் கீழே கண் சிமிட்டின. ஆயுத பூசைக்குப் படைத்த இயந்திரத்தை அக்கா இறக்கவே இல்லை. மின்கம்பி அலுமாரியின் பின்துளை வழியாக ஒழுங்காக இழுக்கப்பட்டிருந்தது. ஹோலில் இருப்பவர்களுக்கு அது போதும். மேலே வரவேண்டியதைத்தான் பித்தளையும் கண்ணாடியும் தடுத்தன.

கையை நீட்டினால் எடுத்துவிடலாம். ஆனால் அது அக்காவின் அலுமாரி. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அதன் கதவைத் திறந்ததில்லை. மூத்த மருமகள் அடுக்கியதை இளையவள் கலைப்பதில்லை; யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, அப்படித்தான். அவரிடம் கேட்கத்தான் வேண்டும். கேட்பதென்றால், என் மகள் என்னோடு பேச அவர் உதவ வேண்டும் என்று கேட்பது. வடைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து யோசித்தேன்.

அக்கா ஈரக் கையோடு வந்தார். "வடையா? என்னா விசேஷம்?"

"ஒன்னும் இல்ல. அக்கா, அந்தப் பெட்டிய பழைய எடத்துல வைக்க ஏலுமா? மேல வருதில்ல. புள்ள எடுத்தா கட்டாகிப் போகுது."

அக்கா அலுமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடி பாவி, இதுக்கா இத்தன நாளா மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்ச? வாய் இல்லயா ஒனக்கு? பல்லி உள்ள பூந்திரும்னு நான் அங்கயே வச்சிட்டேன்." ஒரு வடையை வாயில் கவ்விக்கொண்டே தாம்பாளங்களை நகர்த்தி, பெட்டியை எடுத்து, பூச்சாடியைத் தள்ளி, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டார். "உப்பு கொறைவு" என்றார்.

ஏறி வந்து பார்த்தேன். கணினியில் கோடுகள் நிறைந்திருந்தன. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கொஞ்சமாவது தயங்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கிழமைக்கணக்காக நான் சேர்த்து வைத்ததை, ஒரு வடை தின்னும் நேரத்தில் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை படம் தண்ணீர் போலத் தெளிவாக வந்தது. முடியைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"சளி விட்டுருச்சா?"

"ம்ம்."

"வீட்டுக்காரங்க ஹீட்டர் திருத்திக் குடுத்தாங்களா?"

"ம்ம், குடுத்தாங்க."

"கோயிலுக்குப் போனியா?"

"போகலம்மா. நேரம் இல்ல. சரிம்மா, சமைக்கணும், வைக்கவா?"

வைத்துவிட்டாள். ஒரு முறைகூட உறையவில்லை, அறுபடவில்லை. ஆனால் வழக்கமான நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. நான் கதிரையைத் தள்ளி எழுந்தபோது கீழேயிருந்து அவளுடைய குரல் கேட்டது.

எங்கள் சமையலறைக்குப் பக்கத்தில்தான் கீழே இறங்கும் உள்படி. அதன் தலைமாட்டில் ஒரு தகரக் கதவு போட்டிருக்கிறோம். அக்கா பின்கதவைத் திறந்தே வைப்பார். அந்த வழியாகக் குரங்குகள் ஏறி வந்து எங்கள் வாழைப்பழத்தைக் கொண்டுபோகும். அந்தக் கதவை மெல்லத் திறந்து நான்கைந்து படி இறங்கி நின்றேன். அங்கிருந்து அவர்களுடைய சமையலறை தெரியும்.

கைபேசி மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா அதைப் பார்க்கக்கூட இல்லை. குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். திரையில் மகளின் முகமும் முழுதாக இல்லை. ஒரு தோளும் ஒரு கத்தியும் வெங்காயமும்தான் தெரிந்தன. இருவரும் பேசவே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, துருவும் சத்தமும் வெட்டும் சத்தமும் மட்டும். பிறகு மகள், "பெரியம்மா, பருப்பு பொங்குது" என்றாள்.

"மூடியத் தூக்குடி, மூதேவி" என்றார் அக்கா, தலை நிமிராமலே.

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கணினியில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஏறி வந்து கதவைச் சாத்தினேன். தொடர்பு கெட்டிருந்த காலத்தில் எனக்கு இருந்த பொறாமை இதைப் பார்த்தபோது வந்ததோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அடுத்த கிழமை முழுவதும் வேலை விட்டு வந்ததும் இன்னொரு சோதனை செய்தேன். கணினியைச் சமையலறைக்குத் தூக்க முடியாது, கைபேசி போதும். ஆனால் எங்கள் சமையலறை மலைப்பக்கம் இருக்கிறது, பின்னால் மண்சுவர். அடுப்பு மேடையில் கோடே இல்லை. தண்ணீர் வடிகட்டியின் மேல் ஒன்று, வந்து வந்து போனது. கோப்பைத் தட்டில் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை குப்பையை எடுத்துப்போகத் தகரக் கதவைத் திறந்தபோது, மேடையில் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் மூன்று கோடுகள் ஏறின. சாத்தினேன், போயிற்று. திறந்தேன், வந்தது. பெட்டியிலிருந்து புறப்படுவது படி வழியாக ஏறி வந்து அந்தத் தகரத்தில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழங்களை அலுமாரிக்குள் பூட்டினேன். தகரக் கதவை அகலத் திறந்து, அதற்குச் சுவரோரமாக ஒரு செங்கல் வைத்தேன். பொட்டு வைக்கவில்லை, தலைவாரவில்லை. கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவிட்டு, பத்து மணிக்கு நானே மகளுக்கு எடுத்தேன்.

"என்னாம்மா, கிச்சன்லயா இருக்கீங்க?"

"ம்ம். மரவள்ளி உரிக்கிறேன்."

"நான் கத்தரிக்கா வெட்டுறேன்."

கேட்க வேண்டியவை பல என் வாயில் இருந்தன. வாடகை, குளிர், கோயில். மரவள்ளியின் தோலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் விழுங்கினேன். அங்கே தண்ணீர் ஓடியது, நின்றது. இங்கே என் கத்தி போய் வந்தது. நெடுநேரத்துக்குப் பிறகு அவளாகவே, "அம்மா, அந்த வேல மாறலாமான்னு பாக்குறேன். இன்னும் யாருக்கும் சொல்லல" என்றாள்.

நான் தலை நிமிரவில்லை. "ம்ம், சொல்லு" என்றேன்.

அவள் சொல்லத் தொடங்கும்போது படிக்கு அடியிலிருந்து அக்காவின் குரல் ஏறி வந்தது. திறந்திருந்த கதவு வழியாக ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் கேட்டது.

"தங்கச்சி! புள்ள ஒனக்கு எடுத்தாளா? இங்க இன்னும் எடுக்கலயே. பெட்டிதான் ஏதும் பழுதோ தெரியல."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. கிழமைக்கணக்காக என்னிடம் இருந்ததுதான். இன்னொரு கிழங்கை எடுத்து, அதன் நுனியை வெட்டி, தோலை மெதுவாக உரித்தேன்.