காலி என்று காட்டிய தொட்டி

எதையும் மூடுவதற்கு முன் அண்ணன் இரண்டு தட்டு தட்டுவார். வாஷிங் மெஷின், பீரோ, காரின் டிக்கி, எதுவானாலும். தட்டிவிட்டு ஒரு கணம் காதைக் கொடுத்து நிற்பார். பல வருடமாகப் பார்க்கிறேன்.

"உள்ள துணிதான் இருக்கு. என்ன, குரல் கொடுக்குமா?" என்பார் அண்ணி.

"கொடுக்கலைன்னா நல்லதுதான்" என்பார் அண்ணன். அதற்குமேல் பேச்சு வளராது.

அவர் என் பெரியம்மா மகன். துணிக்குச் சாயம் போடும் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போன நான் அதே பாடத்தை எடுத்தது அவரைப் பார்த்துத்தான்.

ஆலையில் ஆள் இறங்கிக் கழுவும் பெரிய இரும்புத் தொட்டிகள் உண்டு. கழுவி முடிந்ததும் மூடியை இறுக்கி, நீராவியைத் திறந்துவிடுவார்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று திரையில் காட்டும் புரோகிராமை எழுதியவர் அண்ணன். இறங்குகிறவர் அட்டையைக் காட்டினால் ஒரு டிக்‌ஷனரியில் பதிவு சேரும். புரோகிராமுக்குள் இருக்கும் பட்டியலுக்கு அப்படிப் பெயர்; ஒரு சாவிக்கு ஒரு பதிவுதான் நிற்கும். இதில் தொட்டி எண்தான் சாவி; ஆளின் பெயர் அந்தச் சாவிக்குள் இருக்கும். ஏறி வந்து அட்டையைக் காட்டினால் பதிவு நீங்கி, திரையில் 'காலி' என்று பச்சை எரியும்.

எழுதும் முன் சூப்பர்வைசரைக் கேட்டிருக்கிறார். "ஒரு தொட்டில எத்தனை பேர் இறங்குவாங்க?"

"ஒருத்தர்தான் சார். ரூல் அப்படி."

ரூல் அப்படித்தான். ஆனால் அடியில் படிந்த சேற்றை அள்ளித் தூக்க ஒருவரால் ஆகாது. இருவராகத்தான் இறங்குவார்கள். ஒரே சாவியில் இரண்டாவது பெயரைச் சேர்த்தால் டிக்‌ஷனரி மறுக்காது, கேட்காது. பழைய பெயரை அழித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். பாடத்தில் நான் இதை ஒரு வரியாகப் படித்துத் தாண்டியிருக்கிறேன்.

ஒரு நாள் மூன்றாம் தொட்டியில் முதலில் இறங்கியவர் ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் தொழிலாளி. பின்னால் அவர் கூட்டாளி. திரையில் கூட்டாளியின் பெயர் மட்டும் நின்றது. அவர் வேறு வாளி எடுக்க ஏறி வந்து, அட்டையைக் காட்டிவிட்டுப் போனார். பச்சை எரிந்தது. ஆபரேட்டர் மூடியை இறக்கினார். மோட்டார் இரைச்சலில் உள்ளே யார் கத்தினாலும் கேட்காது.

புரோகிராம் ஓடுவதைப் பார்க்க வந்திருந்த அண்ணனின் கண்ணில் தொட்டியருகே ஒரு ஜோடி செருப்பு பட்டது. ரப்பர் பூட்ஸ் மாட்டுகிறவர்கள் சொந்தச் செருப்பை அங்கேதான் விடுவார்கள்.

"யாரோடது இது?"

"எவனாவது மறந்துட்டுப் போயிருப்பான். காலின்னு நீங்க எழுதினதே சொல்லுதே சார்." ஆபரேட்டரின் கை நீராவி வால்வில் இருந்தது.

அண்ணன் என்ன நினைத்தாரோ, தொட்டியில் ஒரு கையை வைத்து, பேனாவால் இரண்டு தட்டு தட்டினார்.

உள்ளிருந்து இரண்டு தட்டு திரும்பி வந்தது.

வெளியே வந்த ஒல்லி தண்ணீர் குடித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "கார்டு காட்டிட்டுத்தானே தம்பி இறங்கினேன். என் பேரு எங்க போச்சு?"

"சாயங்காலம் வந்து விவரமாச் சொல்றேண்ணே."

அன்றே புரோகிராமைத் திருத்தினார். இப்போது எத்தனை பேர் இறங்கினாலும் அத்தனை பெயரும் நிற்கும். ஆனால் ஒல்லியிடம் போகவில்லை. ஆலையின் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தவர், சீக்கிரமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டார்.

அந்தப் புரோகிராமை இப்போது பார்த்துக்கொள்வது நான். ஒல்லி இன்னும் இறங்குகிறார். அட்டையைக் காட்டிவிட்டு, திரையில் தன் பெயர் வரும்வரை நகரமாட்டார். அவர் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். அதை நான் சொன்னால் சொன்னதாகுமா என்பதுதான் தெரியவில்லை.

"உங்கண்ணன் சாயங்காலம் வர்றேன்னாரு" என்கிறார் என்னைப் பார்க்கும்போதெல்லாம். "மெதுவா வரட்டும்."