மாப்பிள்ளையின் இருமல்

ஹபீப் முகமது ரிட்டயர் ஆகி, நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று சாமான் ஏற்ற வந்து நின்றவர் தங்கராசு ஒருவர்தான். இருவரும் சுரங்கத்தில் ஒரே பக்கெட் வீல் மிஷினில் வேலை பார்த்தவர்கள். ஹபீப் மேலே கேபினில் உட்கார்ந்து மண்ணை வெட்டுவார். தங்கராசு கீழே, வெட்டிய மண் கன்வேயர் பெல்ட்டில் சிந்தாமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். வெகுகாலம் கான்ட்ராக்டில் கிடந்து, தலை நரைத்த பிறகு பெர்மனென்ட் ஆனவர் அவர். கம்மாபுரம் பக்கம் அவர் பிறந்த தெருவே சுரங்கத்துக்குள் போய்விட்டது.

"உங்களுக்கு என்னா பாய், கடலு இருக்குது, காத்து இருக்குது, போறீங்க" என்றார் தங்கராசு, பீரோவின் ஒரு முனையைத் தூக்கியபடி. "எங்க வூடு இருந்த எடத்துல பள்ளந்தான் கெடக்குது. அதையும் நீங்கதான் நோண்டுனீங்க."

ஹபீப் சிரித்தார். இந்தக் கேலியை எத்தனையோ ஷிப்டில் கேட்டாயிற்று.

டவுன்ஷிப்பில் எல்லாருக்கும் வேறு எங்கோ ஒரு ஊர் இருக்கும். அங்கேயே ஆஸ்பத்திரியில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளையைக் கேட்டால்கூட, "எங்க ஊரு தஞ்சாவூரு அங்கிள்" என்றுதான் சொல்லும். ஹபீபின் ஊர் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேரும் இடம். வடலூர் போய், புவனகிரியில் பஸ் மாறினால் மதியச் சாப்பாட்டுக்குள் சேர்ந்துவிடலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்த ஊருக்கு அவர் வாழ்நாள் முழுக்க லீவில் மட்டுமே போய்வந்தார். கூட வேலை பார்த்தவர்கள் டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே மனை வாங்கிப் போட்டார்கள். "நீயும் ஒண்ணு வாங்கிப் போடு" என்று சொன்னவர்களிடம், தனக்கு ஊரில் வீடு இருக்கிறது என்றார். லோன் போட்டு அந்த வீட்டின் மேல் மாடி அறை ஒன்றும் கட்டினார். ஜன்னலைத் திறந்தால் காற்று கட்டிலைத் தூக்கும்.

அந்த வீடு அவருடையதல்ல என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவர்கள் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். ஹபீபின் உம்மா வீடு அவருடைய அக்காவுக்குப் போய், இப்போது அக்கா மகள்கள் இருக்கிறார்கள். மனைவி ஜான் பீவிக்கும் அவள் தங்கை நசீமாவுக்கும் சேர்த்து அவர்கள் வாப்பா கொடுத்த வீடுதான் இது. ஜான் பீவி இருந்தவரை, அவள் வீடு என்றாலும் ஒன்றுதான், நம் வீடு என்றாலும் ஒன்றுதான். கொரோனா காலத்தில் அவள் போனாள். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. நெய்வேலிக்குப் பக்கத்து கப்ருஸ்தானிலேயே அடக்கம் செய்தார்கள். அவளுக்குப் பெண் பிள்ளை இல்லை. ஒரே மகன் தௌஃபீக் துபாயில்.

லாரி பரங்கிப்பேட்டைத் தெருவில் நின்றபோது ஹபீப் முதலில் செய்தது, வாசற்படியில் நின்று இருமியதுதான்.

அது வழக்கம். அந்த வீட்டுக்குள் நுழையும் ஆண் யாராக இருந்தாலும் வாசலில் ஒருமுறை இருமவேண்டும். உள்ளே நடமாடும் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு அறைக்குள் ஒதுங்க அது அவகாசம். லீவில் வரும்போது அந்த இருமல் அவருக்கு ஒரு கொண்டாட்டம். இருமியதும் உள்ளே வளையல் ஓசை கேட்கும், அடுப்பில் ஏதோ பொரியும், "மச்சான் வந்துட்டாங்க" என்று யாராவது சொல்வார்கள். கண்ணாடி அலமாரியில் இருந்து பூப்போட்ட பீங்கான் தட்டு இறங்கும். மாப்பிள்ளைக்கென்று வைத்த தட்டு. அதில் வேறு யாரும் சாப்பிடுவதில்லை.

லீவு என்றால் இரண்டு நாள், மூன்று நாள். இப்போது மாதக்கணக்காயிற்று. மாடியிலிருந்து இறங்குமுன் ஒரு இருமல். கொல்லைப்புறம் குளிக்கப் போக ஒன்று, திரும்பி வர ஒன்று. தண்ணீர் குடிக்க அடுக்களைப் பக்கம் போக முடியாது. இருமினால் யாராவது செம்பு கொண்டுவந்து நடையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஜான் பீவி இருந்தபோது கொழுந்தியாள் நசீமா தூணருகே நின்றாவது பேசுவாள். அக்கா இல்லாத வீட்டில் இப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. எதிர்வீட்டுக்காரர் தொழுகைக்குப் போகும் வழியில் ஒருநாள் அக்கறையாகக் கேட்டார்: "சொரங்கத்துத் தூசியா மாப்புள? எந்நேரமும் இருமுறீங்களே, டாக்டர்ட்ட காட்டுனா என்ன?"

ஆமாம், தூசிதான் என்று சொல்லிவைத்தார் ஹபீப்.

தட்டுதான் அவரை மிகவும் உறுத்தியது. தினமும் அதே பூப்போட்ட தட்டு. வீட்டுக்காரர், நசீமாவின் புருஷன், கடையிலிருந்து வந்து எவர்சில்வர் தட்டில் பழைய மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். ஹபீபுக்கு எப்போதும் புதிதாகப் பொரித்தது. தனக்கும் எவர்சில்வர் தட்டிலேயே போடும்படி ஒருநாள் சொல்லிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நசீமா பதறிவிட்டாள். பெரிய மாப்பிள்ளைக்கு எவர்சில்வரிலா, ஊர் சிரிக்காதா என்றாள். அவர் சொன்னதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, மறுநாள் இன்னும் ஒரு துண்டு மீன் கூட வைத்தாள்.

நசீமாவின் மகள் ஷாஹீனுக்கு நிக்காஹ் பேசி முடித்தார்கள். ஹபீபைத்தான் சபையில் முன்னால் உட்கார வைத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் பெயின்டர் ஒருவர் வந்து, வாசலில் உட்கார்ந்திருந்த அவரிடமே கேட்டார்: "பெரிய மாப்புள, மேல ரூமுக்கு என்ன கலர் அடிக்க? புது மாப்புளைக்கு என்ன புடிக்குமோ?"

மாடி ரூம் புது மாப்பிள்ளைக்கு என்பது அவருக்குத் தெரியும் என்றே பெயின்டர் நினைத்தார். ஹபீப் இளம்பச்சை அடிக்கச் சொன்னார். உள்ளே போய் இருமினார். கதவருகே நிழல் வந்து நின்றதும் சொன்னார்.

"மாடிய ஷாஹீனுக்கு ஒழிச்சுக் குடுத்துர்றேன் நசீமா. நான் முன் ஹால்ல படுத்துக்குறேன்."

"மச்சான், உங்களப் போகச் சொல்லி இந்த வீட்ல யாரும் ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லல. அது எனக்குத் தெரியும்."

அவள் அழுதாள் என்று நினைக்கிறார். கதவு இருந்ததால் நிச்சயமாகத் தெரியவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. நிக்காஹ் முடிந்த நாலைந்து நாளில், மதியம், ஹபீப் முன் ஹாலில் சாய்ந்திருந்தபோது வாசலில் ஒரு இருமல் கேட்டது. இளம் தொண்டை, இன்னும் பழகாத இருமல். உள்ளே வளையல்கள் ஓடின. அடுப்பில் எண்ணெய் பொரிந்தது. ஷாஹீனின் சிரிப்பு மாடிப்படியில் கேட்டு நின்றது. ஹபீப் தன்னையறியாமல் எழுந்து உட்கார்ந்தார். இந்த வீடு முழுக்க ஒரு இருமலுக்காகக் காத்திருந்ததை அவர் அறிவார். அது அவர் தொண்டையிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பூப்போட்ட தட்டு புது மாப்பிள்ளையின் முன்னால் இருந்தது. ஹபீபுக்கு ஒரு நொடி நெஞ்சு லேசாயிற்று. இனி எவர்சில்வர் தட்டு வரும், தானும் இந்த வீட்டு ஆளாகிவிடலாம். ஆனால் அவர் முன்னால் வந்ததும் ஒரு பூப்போட்ட பீங்கான் தட்டுதான். கடையில் தேடி அதே மாதிரி ஒன்றை வாங்கி வைத்திருந்தாள் நசீமா. விளிம்பில் விலைச்சீட்டின் பசை இன்னும் போகவில்லை. அதை விரலால் தடவிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

நெய்வேலியில் பென்ஷன் விஷயமாக ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஏறினார். கையில் ஒரு பைதான். பீரோ அங்கேயே இருந்தது.

பழைய குவார்ட்டர்ஸ் வழியாக நடந்தார். வாசலில் வேறு பெயர்ப்பலகை. அவர் வைத்த பலாமரத்தில் யாரோ ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். நிற்காமல் கேட்டைத் தாண்டி, தங்கராசு கட்டியிருந்த வீட்டுக்குப் போனார். பின்பக்கம் ஒரு அறை சும்மா கிடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சாம்பல் படிந்த ஜன்னல்.

"எத்தினி நாளு பாய்?" என்றார் தங்கராசு.

ஹபீப் வாடகை எவ்வளவு என்று கேட்டார். தங்கராசு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கடலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேலியும் செய்யவில்லை. அந்தக் கேலி இல்லாததுதான் ஹபீபுக்கு வலித்தது.

மதியம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அடுக்களை வாசலில் ஹபீப் நின்று இருமினார். உள்ளே தங்கராசுவின் மனைவி மாரியம்மாள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நகரவில்லை.

"என்னா பாய், சளியா? தட்டு தோ கெடக்குது பாருங்க, எடுத்துக்கினு உக்காருங்க. சோறு ஆறிகினு இருக்குது."

எவர்சில்வர் தட்டு. ஓரத்தில் நெளிந்திருந்தது. அதில் சோறு போட்டு உட்கார்ந்தார். மாதக்கணக்காக அவர் ஆசைப்பட்டது இதைத்தான். ஆனால் கேட்டுக்கொண்டது இந்த வீட்டில் அல்ல. புரையேறியது. இருமினார். இது நிஜமான இருமல். மாரியம்மாள் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

துபாயிலிருந்து தௌஃபீக் போனில் சத்தம் போட்டான். சட்டப்படி உம்மாவின் பங்கு இருக்கிறது, வக்கீலைப் பார்க்கலாம் என்றான். கொழுந்தியாள் வீட்டில் பாகம் கேட்ட மாப்பிள்ளை என்ற பெயரோடு அந்தப் பள்ளிவாசலில் எந்த வரிசையில் நின்று தொழுவது என்று ஹபீப் கேட்டார். மகன் அடங்கினான். அவன் மனைவி காரைக்காலில் அவளுடைய உம்மா வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டுக்கு டைல்ஸ் போட அவன் போன மாதம்தான் பணம் அனுப்பியிருந்தான்.

"வாப்பா, எனக்கும் நாளைக்கு இதே கதிதானா?"

"பொண்ணாப் பெத்துக்க" என்றார் ஹபீப். அவன் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்து ஜான் பீவியின் கப்ருக்குப் போகிறார். அதன்மேல் சுரங்கத்துப் பக்கத்திலிருந்து வரும் மண்தூசி படிந்திருக்கும். உட்கார்ந்து ஓதுவார். அங்கே மட்டும் இருமுவதில்லை.

நசீமா வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். போன வாரமும் செய்தாள். ஷாஹீன் உண்டாகியிருக்கிறாளாம். மாடி ரூமில் காற்று நன்றாக வருகிறதாம். அது பெரிய மாப்பிள்ளை கட்டிய கட்டடம் என்று புது மாப்பிள்ளை எல்லாரிடமும் சொல்கிறாராம். பிறகு கேட்டாள்:

"எப்ப மச்சான் வருவீங்க?"

கம்பெனியை விட்டு வந்து வருஷம் தாண்டியாயிற்று. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"பெருநாளைக்குப் பாக்கலாம்" என்றார் ஹபீப். "ரெண்டு நாள் லீவு கெடச்சா வர்றேன்."

"சரி மச்சான்" என்றாள் நசீமா. "வரும்போது பண்ருட்டிப் பலாப்பழம் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. எப்பவும் வாங்கிட்டு வருவீங்கள்ல, அது மாதிரி."