கதவைத் தட்ட வேண்டியவர்

க்ளெண்டாவுக்குப் பிரெஞ்சு வராது என்பது அந்த ஊரில் ரொட்டிக்கடைக்காரி முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரியப்படுத்தியது வேறு யாருமில்லை, அவள் புருஷன் ரோட்னிதான்.

இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் காலமெல்லாம் வேலை பார்த்தவள் அவள். ரோட்னி பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்குமாக லாரி ஓட்டியவன். வழியோரச் சாப்பாட்டுக் கடைகளில் பேசிப் பேசியே பிரெஞ்சு அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஓய்வு பெற்றதும் பிரான்ஸில் லிமோஷ் நகரத்துப் பக்கத்தில் இந்தக் கல்வீட்டை வாங்கலாம் என்றான்.

"அங்க வந்து நான் யார்கூடப் பேசுறது?" என்று கேட்டாள்.

"நான் இருக்கேன்ல?"

இருந்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

க்ளெண்டாவின் ஊரில் ஒரு வீட்டு வாசலில் சாமான் லாரி வந்து நின்றால், கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி கையில் தட்டோடு வந்து நிற்பாள். இங்கேயும் அப்படித்தான் வருவார்கள் என்று நம்பி, வருகிறவர்களுக்குக் கொடுக்க உலர்பழக் கேக் சுட்டாள். நல்ல கோப்பைகளைத் துடைத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. எதிர்வீட்டில் கோழி வளர்க்கும் ஜினேத் என்ற விதவை, வேலியோரம் வந்து இவள் வீட்டையே சற்று நேரம் பார்த்தாள். கையை உயர்த்தி ஒரு வணக்கம். பிறகு உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரமும் கேக் சுட்டாள், அதற்கடுத்த வாரமும். கடைசிக் கேக்கைக் குருவிகளுக்கு உதிர்த்துப் போட்டுவிட்டு, "மனுஷங்களா இவங்க?" என்று தங்கையிடம் தொலைபேசியில் அழுதாள்.

அவள் கேட்டது ஊரையா? மனசு விட்டு நாலு வார்த்தை பேச ஒரே ஒரு சிநேகிதி. அதற்காகத்தான் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் ரேடியோவைப் போட்டு, அதில் வரும் பிரெஞ்சைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகினாள். வீட்டுக்குள் ஓரளவு வந்தது. கடையில் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "எனக்கு ஒரு..." என்று அவள் தொடங்குவதற்குள், பின்னால் நிற்கும் ரோட்னி மீதியைச் சொல்லி முடித்துவிடுவான். கடைக்காரி இவள் தலைக்கு மேலாக அவனைப் பார்த்துச் சிரிப்பாள்.

யார் வீட்டிலாவது ஞாயிற்றுக்கிழமை விருந்தென்றால் இன்னும் கொடுமை. மத்தியானம் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை சாப்பாடும் பேச்சும்தான். க்ளெண்டா தலையாட்டி பொம்மை போல உட்கார்ந்திருப்பாள். ரோட்னி ஏதோ சொல்வான். மேசை மொத்தமும் இவளைப் பார்த்துச் சிரிக்கும். இவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்து என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, உன் சமையலப் பத்தித்தான்" என்பான்.

இப்படியே ஒன்பது வருஷம் ஓடியது.

ஒரு வசந்தத்தில் செர்ரி மரத்தின் கிளைகளைக் கழிக்க ஏணியில் ஏறிய ரோட்னி கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு லிமோஷ் ஆஸ்பத்திரியில் படுத்தான். வீட்டில் ரொட்டி தீர்ந்தது. வேறு வழியில்லாமல் க்ளெண்டா தனியாகக் கடைக்குள் நுழைந்தாள்.

"வணக்கம். நான்... ஒரு ரொட்டி. நல்லா வெந்தது. தயவுசெஞ்சு."

கடைக்காரி நன்றாக வெந்த ரொட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் விஷயம், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. வரிசையில் பின்னால் நின்ற எதிர்வீட்டு ஜினேத் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். வெளியே வந்ததும் க்ளெண்டாவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்குப் பேச வருமா, மதாம்?"

"கொஞ்சம். மெல்ல பேசுனா, புரியும்."

"அடக் கடவுளே. நீங்க வந்த புதுசுல நாங்க எவ்வளவு காத்துக்கிட்டிருந்தோம் தெரியுமா? புதுசா வர்றவங்கதானே ஊர்க்காரங்கள ஒரு கோப்பை ஒயினுக்குக் கூப்பிடணும்? நாங்களா வந்து கதவத் தட்டுனா, என்னடா இது மூக்க நுழைக்கிறாங்கன்னு நெனைக்க மாட்டீங்களா? கூப்பிடவே காணோமேன்னு உங்க வீட்டுக்காரர்கிட்டயே கேட்டேன். 'அவளுக்கு நரம்புக் கோளாறு, ஆளுங்க வீட்டுக்கு வந்தா ஆகாது, தொந்தரவு பண்ணாதீங்க'ன்னுட்டாரு."

க்ளெண்டா அதை இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லச் சொன்னாள். இரண்டாம் தரமும் அதேதான் வந்தது. பதிலுக்கு அவளிடம் இருந்த சொற்கள் கொஞ்சம்.

"கேக் செஞ்சேன். மூணு வாரம். ஜன்னல்ல உக்காந்திருந்தேன்."

ஜினேத் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காபி போட்டாள். வீட்டை விற்றாகிவிட்டதாம். மாதக் கடைசியில் மகளோடு இருக்க போர்தோ நகரத்துக்குப் போகிறாளாம். மிச்சமிருந்த நாட்களில் க்ளெண்டா தினமும் அந்தச் சமையலறையில்தான் கிடந்தாள். தப்பும் தவறுமாகத்தான் பேசினாள், ஆனால் ஜினேத் ஒரு தடவைகூட அவள் வாக்கியத்தை முடித்து வைக்கவில்லை.

ரோட்னி கைத்தடியோடு வீடு திரும்பியதும் கேட்டுவிட்டாள்.

"உனக்குச் சிரமம் வேண்டாமேன்னுதான் அப்படிச் சொன்னேன்" என்றான். "பாஷை தெரியாம நாலு பேருக்கு நடுவுல நீ முழிக்கிறதப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? இந்த ஊர் வழக்கம் எனக்கு மட்டும் என்ன தெரியும்? நானும் உன்கூட வந்தவன்தானே."

பாதி நம்பினாள். ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டுமே.

ஜினேத்தின் வழியனுப்பு விருந்து ஊர் மன்றத்தில் நடந்தது. க்ளெண்டா எழுந்து தட்டுத்தடுமாறிப் பேசினாள். "நீங்க எனக்கு சிநேகிதி. ரொம்பத் தாமதமா. ஆனா சிநேகிதி." ஜினேத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்றவர்கள், குழந்தை மேடையேறிப் பாட்டுப் பாடினால் தட்டுவோமே, அப்படிக் கை தட்டினார்கள். ரோட்னி கைத்தடியைத் தூக்கி, "எல்லாம் நம்ம பயிற்சிதான்" என்றான். முதல் கோப்பையை அவனுக்குத்தான் நிரப்பினார்கள். அவனுக்கு வெட்கமாகவே இல்லை, பாவி.

ஜினேத் போய் இலையுதிர்காலம் வந்தது. எதிர்வீட்டு வாசலில் சாமான் லாரி நின்றது. லீல் நகரத்திலிருந்து ஒரு இளம் தம்பதி, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. க்ளெண்டா அன்று காலையிலேயே கேக் சுட்டு, தட்டில் வைத்து வெள்ளைத் துணி போட்டு மூடினாள்.

ரோட்னி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "எங்க கிளம்பிட்ட?"

"எதிர்வீட்டுக்கு."

"பைத்தியமா உனக்கு? உக்காரு. இங்கெல்லாம் புதுசா வந்தவங்கதான் மொதல்ல கூப்பிடணும். லாரி ஓட்டுன காலத்துலேருந்து பாக்குறேன், எந்த ஊருக்குப் போனாலும் இதான் வழக்கம்."

சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான். என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைக்கவில்லை.

க்ளெண்டா தட்டோடு அப்படியே நின்றாள். அவள் ஊர்ப் பாஷையில் அவனோடு இனிப் பேச என்ன இருக்கிறது? பிரெஞ்சிலேயே, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னாள்.

"அப்ப உனக்கு மொதல்லேருந்தே தெரியும்."

ரோட்னி பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்லின் உச்சரிப்பைத் திருத்திவிட்டு, அந்தக் கேக்கில் தனக்கு ஒரு துண்டு வெட்டச் சொன்னான்.