பவுனுக்கு நொண்டக் கற்றுக்கொடுத்தவன்

இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு குனிந்து நிற்பான் சூசைமாணிக்கம். குதிரை ஏற வந்தவர் அந்தக் கையில்தான் காலை வைக்க வேண்டும். ஏரிக்கரையில் மற்றக் குதிரைக்காரர்கள் எல்லாரும் ஆளைத் திண்டின்மேல் நிறுத்தி, அங்கவடியில் காலை மாட்டி, பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளிவிடுவார்கள். இவன் அப்படிச் செய்ய மாட்டான். வந்தவருடைய கனம் முதலில் இவன் கைக்கு வர வேண்டும், அப்புறம்தான் குதிரைக்கு. கை தாங்கினால் ஒரே வீச்சில் மேலே ஏற்றிவிடுவான். தாங்காவிட்டால் அந்தக் காலை மெதுவாகத் தரையில் இறக்கிவைத்து, "மன்னிச்சுக்கங்க சார், பெல்ட்டு அறுந்துபோச்சு" என்பான். சொல்லும்போதே கோட்டுப் பைக்குள்ளிருந்து அறுந்த தோல்வார் ஒன்றை எடுத்துக் காட்டுவான். குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்குகிற வார் அது. அறுந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அதை அவன் வீசாமல் வைத்திருந்ததே இதற்காகத்தான்.

நான் சோளக்கதிர் சுடுகிற அடுப்பு அவன் குதிரை நிற்கிற இடத்துக்கு எதிரில் இருக்கிறது. அந்த வார் அறுந்த கதையை ஒரே நாளில் பலமுறை கேட்டிருக்கிறேன். "ஏம்ப்பா, கனமா இருக்கீக, வேண்டாம்னு சொல்லிட்டுப் போயேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"சீசனுக்கு வந்த மனுசன் பெரியம்மா. குண்டுன்னு நான் சொல்லிட்டா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் பொண்டாட்டி சிரிப்பா. பாவம்ல?"

மனுஷர்மேல் அவன் காட்டுகிற இரக்கம் அந்த அளவோடு சரி. மற்றபடி முசுடு. ஆள் ஒல்லி. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கோட்டு, முழங்கால் வரைக்கும் தொங்கும். அதன் இரண்டு பக்கமும் குதிரையின் எச்சில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கோவிலுக்குள் உட்கார மாட்டான், வாசல்படியிலேயே நிற்பான். "உள்ள போனா நம்ம வாடைக்கு சாமியாருக்கே தும்மல் வந்துருது" என்பான். பக்கத்துக் குதிரைக்காரர்களோடு ஒட்டமாட்டான். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "தண்ணி நல்லாருக்கு" என்பான்.

குதிரை அவனுடையதல்ல. ஞானவேல் என்பவருக்கு ஏரிக்கரையில் ஐந்தாறு குதிரைகள் ஓடின. அதில் பவுன் என்கிற செவலைப் பெட்டையை இவன் கையில் கொடுத்திருந்தார். மட்டமான உயரம், மலைக்குதிரை எல்லாம் அப்படித்தான். சேணம் உட்காருகிற இடத்தில், செவலை மயிருக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சம் வெள்ளை மயிர் முளைத்திருக்கும். பார்க்கிறவர்கள் அழகுக்குப் புள்ளி என்று நினைத்துப் போட்டோ எடுப்பார்கள். சேணம் அழுத்திப் புண்ணாகி ஆறின இடத்தில்தான் அப்படி வெள்ளை முளைக்கும் என்று எனக்குச் சொன்னவன் சூசைதான்.

ஒரு சுற்றுப் போய்த் திரும்பியதும் சேணத்தை அவிழ்த்து முதுகை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான். எல்லா இடமும் வேர்த்து நனைந்திருந்தால் சரி. நடுவில் எங்கேயாவது உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்திருந்தால் முகம் கறுத்துப்போகும். அந்த இடத்தில் பாரம் அதிகமாக அழுந்தி, வேர்க்கக்கூட வழியில்லாமல் போயிருக்கிறது என்பான். "கனத்தக்கூடத் தாங்கிரும் பெரியம்மா. இந்தச் சேணத்துமேல பொத்து பொத்துன்னு விழுந்து எந்திரிக்கான் பாருங்க, அவந்தான் எமன். போதாததுக்கு இறக்கத்துல ஓட்டச் சொல்லுவான்."

அவனை நல்லவன் என்று சொல்லச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன். அவன் பெண்சாதி கித்தேரியம்மாள் வாட்டில் மரக் காட்டிலிருந்து விறகு வெட்டித் தலையில் சுமந்து, ஏரிக்கரை வழியாகத்தான் நாயுடுபுரத்துக்குப் போவாள். ஆள் உயரத்துக்கு நீளமான கட்டு. மூச்சு வாங்க என் அடுப்புப் பக்கம் நிற்பாள். சூசை கண்ணெதிரில்தான் இருப்பான். ஒரு நாளும் எழுந்து வந்து அந்தக் கட்டுக்குக் கை கொடுத்ததில்லை.

"பவுனு முதுகுல யாரு ஏறுனாலும் கையில தூக்கிப் பாக்காரு. என் தலையில இருக்கது என்ன கனம்னு கேளுங்க பெரியம்மா அவருகிட்ட" என்பாள் அவள்.

"ஒனக்கு வாய் இருக்குல்ல, வலிச்சா இறக்கி வையி" என்பான் இவன், திரும்பிப் பார்க்காமல்.

அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். எனக்குத்தான் ஆத்திரமாக வரும்.

ஒரு வருஷம் மே மாதத்தில் ஞானவேலே வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்தார். யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கனத்த ஆளின் காலை இறக்கிவைத்து, சூசை கோட்டுப் பைக்குள் கையை விட்டதும் எழுந்து வந்தார்.

"ஏலே சூசை, அந்த ஒரு பெல்ட்டு எத்தன தடவைலே அறும்? இங்க கொடு."

வாரை வாங்கி ஏரிக்குள் வீசினார். அந்த ஆளைத் திண்டின்மேல் நிறுத்தித் தானே ஏற்றிவிட்டார். மடியில் ஒரு பிள்ளை, போட்டோவுக்காகப் பின்னால் பெண்சாதி. பவுன் நான்கு காலையும் அகட்டி நின்றது. காது இரண்டும் பின்னால் படிந்துவிட்டன. சூசை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அதன் முகத்தைப் பார்க்காமலே நடந்தான்.

அந்த சீசன் முழுக்க முதலாளி காவலுக்கு உட்கார்ந்திருந்தார். பழைய புண் திரும்பவும் பிளந்தது. சூசை மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினான். காயும்வரை சேணம் போட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். முதலாளி ஒரு சாக்கை மடித்துப் புண்ணின்மேல் போட்டு, அதற்கு மேலே சேணத்தை வைத்துக் கட்டச் சொன்னார். சீசன் போனால் ஓய்வுதானே என்றார். சாக்கு புண்ணோடு ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் அதைப் பிரிக்கும்போது பவுன் இவன் தோளைக் கவ்விக் கோட்டைக் கிழித்தது. அந்தக் கிழிசலை இவன் தைக்கவே இல்லை.

மழை பிடித்து, ஏரிக்கரையில் ஈ காக்கை இல்லாத மாதத்தில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பவுனுக்கு நொண்டக் கற்றுக்கொடுத்தான். லாயத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், அதன் முன்னந்தோளில் விரலால் ஓர் அழுத்து அழுத்துவான். அது காலைச் சுண்டினால் ஒரு கேரட். சுண்டிக்கொண்டே ஓர் அடி நடந்தால் இன்னொரு கேரட். குதிரைக்கு அறிவு ஜாஸ்தி, சீக்கிரம் பிடித்துக்கொண்டது. என் அடுப்படிக்குக் கொண்டுவந்து நடத்திக் காட்டினான். நிஜமாகவே முள் ஏறின மாதிரி விந்தி விந்தி நடந்தது. அவன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"இனிமே நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல பெரியம்மா. கனத்த ஆளு ஏறுனா இதுவே சொல்லிரும்."

அடுத்த சீசனில் அப்படியே நடந்தது. முதலாளியே தூக்கி ஏற்றிவிட்டாலும் சூசை தோளில் விரலை வைப்பான். பவுன் நான்கு எட்டு விந்தும். மேலே இருக்கிறவர் பயந்துபோய், "இறக்கு இறக்கு" என்று தாமாகவே இறங்கிவிடுவார். சின்னப் பிள்ளைகள், ஒல்லியான பெண்கள் ஏறினால் நேராக நடக்கும். சாயங்காலம் கேரட். முதுகுப் புண் காய்ந்துகொண்டு வந்தது.

ஆனால் பவுன் கற்றுக்கொண்டது வேறு. ஆளின் கனத்துக்கு நொண்ட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சூசை பக்கத்தில் இருந்தால் நொண்ட வேண்டும், நொண்டினால் கேரட் வரும் என்றுதான் அது புரிந்துவைத்திருந்தது. போகப்போக, தோளில் விரல் படாமலே விந்த ஆரம்பித்தது. ஒரு சின்னப் பிள்ளை ஏறினபோதும் விந்தியது. வெறும் முதுகோடு தண்ணீர் காட்ட இவன் கூட்டிக்கொண்டு போனபோதும் விந்தியது. அதட்டிப் பார்த்தான், கேரட்டை நிறுத்திப் பார்த்தான். நிறுத்தினதும் அதிகமாக விந்திக்கொண்டு, இவன் கோட்டுப் பையில் மூக்கை வைத்துத் தேடியது.

ஞானவேல் அதைக் கண்டுவிட்டார். காலுக்கு லாடம் அடிக்கிறவரைக் கூட்டிவந்து காட்டினார். குளம்பில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னதும், அப்படியானால் உள்ளே எலும்பில் கோளாறு என்று முடிவுகட்டி, அதை விற்றுவிட வில்பட்டி வேலப்பனுக்கு ஆள் அனுப்பினார். காட்டில் விளைகிற உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் பொதிக்குதிரைமேல் ஏற்றி லாரி நிற்கிற ரோட்டுக்குக் கொண்டுவருகிறவன் வேலப்பன்.

கைமாறின அன்றைக்கு நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். சூசை முதலாளியின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அதுக்குக் காலு நல்லாத்தாங்க இருக்கு மொதலாளி. நாந்தான் நொண்டப் பழக்கிவிட்டேன்."

"ஏம்லே பழக்குன?"

"கனத்த ஆளா ஏத்துதீக. முதுகு போயிரும்னுதாங்க..."

"பெல்ட்டு அறுந்துபோச்சுன்னும் நீதானலே சொன்ன? ஒன் வாயில வர்றதுல எதைலே நம்புறது?" ஞானவேல் மற்றக் குதிரைக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்: "குதிரைய விட மனசில்ல இவனுக்கு, கதை கட்டுதான்." எல்லாரும் சிரித்தார்கள். இவன் இதுவரைக்கும் நொட்டை சொன்ன டீக்கெல்லாம் சேர்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

இவன் வேலப்பனிடம் போனான். "அண்ணே, நொண்டிக் குதிரை ஒங்களுக்கு எதுக்குண்ணே? வேற பாருங்கண்ணே."

"நொண்டுனா என்னப்பா, மூடைக்குத் தெரியவா போகுது?" என்றான் வேலப்பன்.

"மூடை பயந்து எறங்காதேண்ணே" என்றான் சூசை. கடிவாளத்தை அவன்தான் வேலப்பன் கையில் கொடுத்தான். இவனை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் பவுன் நேராக நடக்க ஆரம்பித்தது. "பாத்தியா, என் கைக்கு வந்ததும் நொண்டு போயிருச்சு" என்று வேலப்பன் திரும்பிப் பார்த்துப் பெருமையாகக் கத்தினான்.

கொஞ்ச நாள் கழித்துக் கோட்டுப் பை நிறையக் கேரட்டோடு சூசை வில்பட்டிக்குப் போனான். ஏற்றத்தில் இரண்டு பக்கமும் கிழங்கு மூட்டையோடு பவுன் வந்துகொண்டிருந்தது. இவனைப் பார்த்தது, கனைத்தது, உடனே அந்த ஏற்றத்தில், அந்தப் பாரத்தோடு, மூன்று காலில் விந்த ஆரம்பித்தது. மூட்டை சாய்ந்தது. "எங்கிட்டயே வேலையக் காட்டுதியா" என்று வேலப்பன் கம்பை எடுத்துப் பின்னங்காலில் போட்டான். அடிக்க அடிக்க அது இவனைப் பார்த்துக்கொண்டே இன்னும் நன்றாக விந்தியது. கொண்டுபோன கேரட்டை இவன் வெளியே எடுக்கவே இல்லை.

இப்போது ஞானவேல் வேறொரு குதிரையைக் கொடுத்திருக்கிறார். அதன் பெயர் என்ன என்று கேட்டால் "குதிரைதான்" என்கிறான். வந்த ஆளைத் திண்டின்மேல் நிறுத்தி, மற்றவர்களைப் போலவே தள்ளி ஏற்றிவிடுகிறான். மழை மாதங்களில் லாயத்துக்குப் புல் அறுக்க வில்பட்டிப் பாதைக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தான்; சோலியை விட்டுப் போ என்றார்கள். போகிறான்.

போன வாரம் கதிர் வாங்கிக்கொண்டு நான் அந்தப் பாதையில்தான் ஏறி வந்தேன். வளைவில் சூசை புல் அறுத்துக்கொண்டிருந்தான். மேலேயிருந்து கித்தேரியம்மாள் விறகுக்கட்டோடு இறங்கி வந்தாள். கீழே வேலப்பனுடைய பொதிக்குதிரைகளின் மணிச்சத்தம் கேட்டது. சூசை அரிவாளைப் போட்டுவிட்டு அங்கும் இங்கும் பார்த்தான். அந்த இடத்தில் ஒளிய ஒரு மரம் கிடையாது. சட்டென்று மேட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்து, மண்சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கித்தேரியம்மாள் வந்து அவன் முதுகுக்கும் பாதைக்கும் நடுவில் நின்றாள். முந்தானையை உதறி அகலமாக விரித்து அவனை மறைத்தாள். மூட்டையோடு பவுன் அவளை உரசிக்கொண்டு நேராக நடந்து போனது. கடைசிக் குதிரை வளைவு திரும்புகிற வரைக்கும், தலைச்சுமையை இறக்காமல், கழுத்து நடுங்க நடுங்க அவள் அப்படியே நின்றாள்.