வெள்ளை டைல்ஸும் என் வீல்சேரும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் தரைக்குப் பரீட்சை. மார்க் போட வந்தவர், ஹவுஸ் ஓனர் மீனாட்சி அக்கா.

சிரிக்காதீர்கள். ஃபெயிலானால் வீடு போய்விடும்!

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. பைக் விபத்துக்குப் பிறகு எனக்கு வீல்சேர்தான் கால். அரிமளத்தில் வாடகை வீடு. மனைவி கலா காலையில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போய்விடுவாள். நான் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

வாசலில் படி இல்லாத, பாத்ரூமுக்குள் வீல்சேர் நுழைகிற வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பல வீடுகளில் வாசலோடு திரும்பியிருக்கிறோம். இந்த வீட்டில்தான் யாரும் தூக்கிவிடாமல் நானே உள்ளே போனேன். அன்றைக்குக் கலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே சிக்கல் - வெள்ளை டைல்ஸ். எங்கள் ஊர் மண்ணோ சிவப்பு. தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தால் போதும், வாசலிலிருந்து அடுப்படிவரை இரண்டு சிவப்புக் கோடுகள். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

போன மாதம் அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. டைல்ஸ் போட்டு இன்னும் வருசம்கூட ஆகல. பொங்கலுக்குள்ள வேற வீடு பாத்துக்கங்களேன்..."

குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் இன்னும் வெள்ளன எந்திரிச்சுத் தொடச்சுட்டுப் போறேங்க" என்றாள் கலா. அவள் போன பிறகு நான் வெளியே போவேனே? டைல்ஸுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடக்க முடியுமா?

"என் சக்கரம் கொண்டுவர்ற மண்ணு. நானே தொடைக்கிறேன்" என்றேன், அக்கா போன பிறகு கலாவிடம்.

முதல் நாள் வாளியை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். தரை நனையவில்லை... நான் குளித்துவிட்டேன். அடுத்த நாள் வாளியை ஓரமாக வைத்துவிட்டு, மாப்பை நனைத்து, துடைத்தபடியே முன்னால் போனேன். திரும்பிப் பார்த்தால், துடைத்த ஈரத்தின் மேலேயே சக்கரம் ஏறி வந்திருக்கிறது. பழைய கோடு போய்ப் புதுக் கோடு!

சாயங்காலம் வந்த கலா, தோள் பையைக்கூட இறக்காமல் சிரித்தாள்.

"ஏங்க, முன்னாடி போனா அப்படித்தான் ஆகும். உள்ள ஆரம்பிச்சுப் பின்னாடியே வரணும்."

அட! உள்மூலையில் தொடங்கினேன். எனக்கு முன்னால் துடைப்பது, சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டுவது, மறுபடி துடைப்பது. வாளிக்கு விடை கொடுத்தாயிற்று. சலூனில் தலைக்குத் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அந்த ஸ்ப்ரே பாட்டில் போதும்.

ஆனாலும் வெளியே போய் வந்தால் பழைய கதைதான். அப்புறம்தான் உறைத்தது - துடைக்க வேண்டியது முதலில் தரையை அல்ல, சக்கரத்தை! கால்மிதியில் ஏற்றிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய சக்கரத்துக்கு அது எந்த மூலைக்கு? வாசலில் நீளமாக ஈரச் சாக்கை விரித்தேன். அதன் மேல் கொஞ்சம் உருட்டுவேன், எட்டிய வரை டயரைத் துண்டால் துடைப்பேன், மறுபடி உருட்டுவேன். கைக்கு எட்டாத சின்னச் சக்கரங்களுக்கு நீளக் காம்பு பிரஷ். கொஞ்ச நாளில் கை பழகிவிட்டது.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிந்ததிலிருந்து மழை. கலா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் பால் வாங்கி வந்து, சக்கரத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் குடையோடு அக்கா.

செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாசல் சாக்கைத் தாண்டி நேராக உள்ளே வந்தார். ஹால், அடுப்படி, படுக்கையறை... ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் திரும்பியவர் ஹாலின் நடுவில் நின்றுவிட்டார்.

"இந்தா... இங்கிட்டு சேறு கெடக்கு பாருங்க தம்பி."

எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, அது சக்கரத் தடம் இல்லீங்க. அஞ்சு வெரலு இருக்கு."

அக்கா குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

எல்லார் காலிலும்தான் மண் ஒட்டுகிறது. கால் அதை அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிர்த்துவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது. சக்கரம்தான் கோடு போட்டு மாட்டிக்கொள்கிறது!

"நீங்க உக்காருங்கக்கா" என்று துண்டைக் கொடுத்தேன். அவர் காலைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார, அவர் கண்ணெதிரிலேயே மாப்பை எடுத்தேன். உள்ளேயிருந்து பின்னுக்கு உருண்டு வாசல்வரை வந்தேன். தரை பளபளவென்று கிடந்தது.

"தங்கச்சிதான் தொடைக்குதுன்னு நெனச்சேன்... நீங்களா?"

"நானேதான்க்கா."

அவர் எழுந்து குடையை எடுத்தார்.

"வேற வீடெல்லாம் ஒண்ணும் பாக்க வேணாம் தம்பி. நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க."

அக்கா வாசலைத் தாண்டுவதற்குள் கலாவுக்குப் போன் போட்டேன். மண்டபத்து நாதஸ்வரச் சத்தத்தையும் மீறி அவள் போட்ட கத்தல், ஆஹா!

வாசல்வரை போன அக்கா திரும்பி நின்றார். "எங்க வீட்டுக்காரர ஒங்ககிட்ட அனுப்புறேன். இதக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க."

அவரும் தினமும் வந்து துடைக்கப் பழகுகிறார். மனிதருக்கு இன்னும் ரிவர்ஸ்தான் வரவில்லை!